வகுப்பறை ஆவணக் கேமரா: மூன்று செமஸ்டர் பயன்படுத்திய பிறகு

ஒன்றரை ஆண்டுக்கு முன்பு மொரீஷியஸின் தலைநகர் போர்ட் லூயியில் உள்ள ஒரு கணினிக் கடையில், 15 சதவீத வாட் வரியையும் சேர்த்து 6,900 மொரீஷியஸ் ரூபாய் கொடுத்து, மேசைமேல் நிறுத்தும் ஆவணக் கேமரா ஒன்றைச் சொந்தக் காசில் வாங்கினேன். கனமான அடித்தட்டு, மூன்று இடங்களில் மடங்கும் கை, கையின் நுனியில் கீழ்நோக்கிப் பார்க்கும் 8 மெகாபிக்சல் கேமரா, அதைச் சுற்றிச் சின்ன எல்.இ.டி. விளக்குகள், மடிக்கணினியில் செருகுவதற்கு ஒரு யூ.எஸ்.பி. கம்பி, இவ்வளவுதான் கருவி. அதன் கீழே எந்தக் காகிதத்தை வைத்தாலும், எதை எழுதினாலும், அது புரொஜெக்டர் வழியாகச் சுவரில் பெரிதாகத் தெரியும். ஒரே அச்சில் வார்த்த இந்தக் கருவி பல பெயர்கள் ஒட்டி விற்கப்படுவதால் முத்திரையின் பெயரை நான் எழுதவில்லை. இந்த வகைக் கருவி ஒரு தமிழ் வகுப்புக்கு எந்த அளவுக்குப் பயன்படும், எங்கே கைவிடும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

என் வகுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் கருவியின் நன்மை தீமை இரண்டும் வகுப்பைப் பொறுத்தவை. நான் நடத்துவது கல்லூரி வகுப்பு. மொரீஷியஸில் 'கொலேஜ்' என்றால் உயர்நிலைப் பள்ளி. நான் சொல்வது அதுவல்ல, பட்டயமும் பட்டமும் படிக்கும் உயர்கல்வி வகுப்பு. 28 ஆண்டுகளாக இந்த வகுப்புகளுக்குத் தமிழ் இலக்கணமும் எழுத்துப் பயிற்சியும் நடத்தி வருகிறேன். மாணவர்களில் பெரும்பாலோர் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பத்திரிகையைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழ் அவர்களுக்கு நான்காவதாக வந்து சேரும் மொழி. எச்.எஸ்.சி. முடித்து நேராக வரும் 19 வயதுப் பிள்ளைகளோடு, தொடக்கப் பள்ளிகளில் பல ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவிட்டுப் பட்டம் பெறுவதற்காக மாலையில் வருகிற ஐம்பது வயதுக்காரர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கருவி எதுவானாலும் இரு சாராருக்கும் அது பயன்பட வேண்டும். இதுவரை நான் கையாண்டவற்றில் பெரும்பாலானவை ஒரு சாராரைத்தான் பார்த்தன.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஓவர்ஹெட் புரொஜெக்டர் இருந்தது. கண்ணாடி போன்ற தாளில் ஈரத்துணியால் அழிக்கக்கூடிய பேனாவால் எழுதுவோம். விளக்கின் சூட்டில் தாளின் ஓரம் சுருளும், விசிறியின் இரைச்சல் பின்வரிசையைத் தொந்தரவு செய்யும், விளக்கு எரிந்துபோனால் மாற்று விளக்கு வர இரண்டு மாதம் ஆகும். ஆனாலும் அதில் ஒரு வசதி இருந்தது. கரும்பலகையைப் போல மாணவர்களுக்கு முதுகு காட்டாமல், அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே எழுதலாம். எழுதுகிற கையும் எழுத்து பிறக்கிற வரிசையும் திரையில் தெரியும். பவர்பாயிண்ட் வந்த பிறகு அந்தக் கை மறைந்தது. எழுத்துகள் முழுதாக வந்து நின்றன. அவை எப்படி எழுதப்பட்டன என்பதை யாரும் பார்க்கவில்லை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நானும் அப்படியே பாடம் நடத்தினேன், அதில் ஒரு குறையும் இருப்பதாக அப்போது எனக்குத் தோன்றவில்லை.

குறையைக் காட்டியது இந்தக் கேமராதான். வாங்கிய பிறகு வந்த முதல் செமஸ்டரின் இரண்டாவது வாரத்தில் ஒரு மாணவியை அழைத்து, கேமராவின் கீழே 'கொடி' என்று எழுதச் சொன்னேன். அவள் முதலில் ககரத்தை எழுதினாள். அடுத்துத் துணைக்காலைப் போட்டாள். அதன் பிறகு பேனாவை இடப்பக்கம் திருப்பிக் கொண்டுபோய், விளிம்புக் கோட்டுக்கும் ககரத்துக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் ஒற்றைக்கொம்பைத் திணித்தாள். எழுதி முடித்த சொல்லை மட்டும் பார்த்தால் கொம்பு கொஞ்சம் நெருக்கமாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு பிழை சொல்ல முடியாது. தேர்வுத்தாளில் இப்படி நெருங்கிக் கிடந்த கொம்புகளை நான் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். கவனக்குறைவு என்று நினைத்து மதிப்பெண்ணும் குறைத்திருக்கிறேன். சுவரில் இரண்டு அடி உயரத்துக்கு அந்தக் கை திரும்பிப் போவதைப் பார்த்தபோதுதான் காரணம் புரிந்தது. அவள் தமிழை எழுதிப் பழகியதைவிடக் கைபேசியில் தட்டிப் பழகியது அதிகம். கைபேசியில் முதலில் மெய்யைத் தட்டுகிறோம், பிறகு உயிரைத் தட்டுகிறோம், கொம்பும் காலும் தாமாக வந்து இரு பக்கமும் ஒட்டிக்கொள்கின்றன. யூனிகோடிலும் ககரம் முன்னும் ஒகரக் குறி பின்னுமாகத்தான் சேமிக்கப்படுகிறது. பழைய தட்டச்சுப் பொறியிலோ கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பை முதலில் அடித்தாக வேண்டும். ஒலியின் வரிசை அவளுக்கு மனத்தில் ஊறிவிட்டது. கையின் வரிசையை யாரும் அவளுக்குக் காட்டவில்லை. காட்டியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருத்தி.

"கொம்புதான் முதலில் வருமா, மிஸ்?" என்று அவள் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் பின்வரிசையிலிருந்து 52 வயது மாணவர் ஒருவர் எழுந்து வந்து, பேனாவை வாங்கி, கொம்பு, ககரம், கால் என்று மூன்று அசைவில் எழுதிக் காட்டினார். அவர் மூன்றாம் வகுப்பில் அவளுக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர். இந்தச் சின்னத் தீவில் அது அதிசயமல்ல. இப்போதும் அவள் அவரைச் 'சார்' என்றுதான் அழைக்கிறாள், அவர் அவளை 'பிள்ளை' என்கிறார். கட்டுரையைத் தட்டச்சு செய்து மூடில் (Moodle) என்னும் இணையக் கற்றல் தளத்தில் ஏற்ற வேண்டிய வாரம் வரும்போது நிலைமை தலைகீழாகும். சார் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பிள்ளையின் பக்கத்தில் உட்காருவார்.

அதே நாளில் அவர் 'அண்ணாமலை' என்று எழுதினார். அந்தச் சொல்லில் இரண்டு எழுத்துகள் இளம் மாணவர்களுக்குப் புரியவில்லை. 'ணா' துணைக்கால் இல்லாமல் வளைந்து சுழிந்தும், 'லை' யானைத் தும்பிக்கை போல மேலே சுருண்டும் இருந்தன. தமிழ்நாட்டில் 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது 'ணா', 'றா', 'னா', 'லை', 'ளை' முதலிய 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அவரோ தாத்தாவிடம், தாத்தா வைத்திருந்த பழைய அச்சுப் புத்தகங்களைப் பார்த்து எழுதக் கற்றவர். இந்தப் பழைய வடிவங்களைக் கைபேசியின் வழக்கமான எழுத்துருவில் வரவழைக்க முடியாது. விசைப்பலகையில் எதைத் தட்டினாலும் புதிய வடிவமே வரும். அடுத்த வாரம் அவர் தாத்தாவின் பக்திப் பாடல் புத்தகத்தைக் கொண்டுவந்தார். செல்லரித்த பக்கங்களைக் கையில் கொடுத்து வரிசையாகச் சுற்றவிட எனக்கு மனம் வரவில்லை. கேமராவின் கீழே விரித்து வைத்து 31 பேரும் ஒரே நேரத்தில் படித்தோம். இந்த ஒரு மணி நேரத்துக்காகவே 6,900 ரூபாயைக் கொடுத்திருக்கலாம் என்று அன்று நினைத்தேன். இன்றும் அந்த எண்ணம் மாறவில்லை.

இனி படத்தின் தரம். கடைக்காரர்கள் மெகாபிக்சல் கணக்கைச் சொல்வார்கள். அதைவிட நம் சட்டைப் பையில் இருக்கும் 100 ரூபாய் நோட்டு நல்ல சோதனை. மொரீஷியஸ் தமிழ் அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன் படம் போட்ட அந்த நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்ததாகத் தமிழில் தொகை அச்சிடப்பட்டிருக்கிறது. கேமராவைத் தாழ்த்தி நோட்டை வைத்தபோது தமிழ்ப் புள்ளிகள் கூடப் பின்வரிசை வரை தெளிவாகத் தெரிந்தன. 1998இல் வந்த புதிய நோட்டுகளில் தமிழை இந்திக்குக் கீழே இறக்கி அச்சிட்டதும், எதிர்ப்பு எழுந்து அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டதும் இந்தப் பிள்ளைகள் பிறப்பதற்கு முந்தைய கதை. முன்வரிசையில் இருந்த மூத்தவர்கள் அதைச் சொல்லத் தொடங்கியதில் சோதனை அரை மணி நேரம் நீண்டது. 2013இல் வந்த பாலிமர் 50 ரூபாய் நோட்டை வைத்துப் பார்த்தால் கருவியின் பலவீனம் தெரியும். வழவழப்பான பரப்பில் எல்.இ.டி. ஒளி பட்டு நடுவில் வெள்ளைத் திட்டு விழுகிறது. பளபளப்பான பாடநூல் தாளிலும் இதே தொல்லைதான். கேமராவின் விளக்கை அணைத்துவிட்டு மேசை விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் சரியாகிவிடும். அப்படியானால் அந்த எல்.இ.டி. எதற்கு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

முதல் நாள் என்னைக் கலங்கடித்தது வேறு ஒன்று. குழல்விளக்கின் கீழே படத்தில் கரிய பட்டைகள் மேலிருந்து கீழே மெல்ல ஊர்ந்துகொண்டே இருந்தன. கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கவே கிளம்பிவிட்டேன். நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அதனால் பழைய குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. கேமராவோ 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளுக்கு ஏற்ப அமைக்கப்பட்டு வந்திருந்தது. இரண்டு தாளமும் ஒத்துப்போகாததால் வந்த பட்டை அது. கேமரா அமைப்பில் '50' என்று மாற்றியதும் படம் நிலைத்து நின்றது. பெட்டியோடு வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. இப்படிப்பட்ட கருவியை வாங்குகிற எவரும் முதலில் பார்க்க வேண்டிய அமைப்பு இதுதான்.

தானாகக் குவியம் (ஃபோகஸ்) தேடுவதும் எழுத்துப் பயிற்சிக்கு ஒத்துவராது. கை நகரும்போதெல்லாம் கேமரா கையைப் பார்ப்பதா, காகிதத்தைப் பார்ப்பதா என்று தடுமாறி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முறை படத்தை மங்கவைத்துத் தெளியவைக்கிறது. குவியத்தைப் பூட்டுவதற்குத் தலைப்பகுதியில் ஒரு பொத்தான் இருக்கிறது. வகுப்பு தொடங்கும்போது வெற்றுத் தாளில் நாலு எழுத்து எழுதி, குவியம் சரியாக விழுந்ததும் அதை அழுத்திவிட வேண்டும். வெற்றுத் தாளைப் பார்த்துக் கேமராவால் குவியத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அந்த நாலு எழுத்து அவசியம்.

மென்பொருளைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அது ஒரு சின்னக் குறுந்தகட்டில் வந்தது. குறுந்தகடு செருகும் வாய் உள்ள மடிக்கணினி எங்கள் துறையில் ஒன்றுகூட இல்லை. இணையத்திலிருந்து இறக்கி நிறுவிய பிறகு, எடுத்த படத்துக்குத் தமிழில் பெயர் கொடுத்தால் அந்த மென்பொருளில் கோப்பின் பெயர் வெறும் கேள்விக்குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடில் தமிழ் இடம்பெற்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் இப்படி ஒரு மென்பொருளை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லவேளையாக அந்த மென்பொருள் இல்லாமலேயே விண்டோஸ் இதைச் சாதாரண வெப்கேமராவாக அடையாளம் காண்கிறது, விண்டோஸின் சொந்தக் கேமரா செயலியே போதும். மின்சாரமும் யூ.எஸ்.பி. வழியாகவே கிடைத்துவிடுகிறது. ஒரு வகுப்பறையில் பிரிட்டிஷ் மூன்று முனைத் துளை, அடுத்ததில் பிரெஞ்சு இரு முனைத் துளை என்று இருக்கிற நம் கட்டடங்களில், அடாப்டரைத் தேடி அலையாமல் இருப்பதை ஒரு பெரிய வசதியாகவே எண்ணுகிறேன்.

2020 மார்ச் ஊரடங்கின்போது நான் இதற்குப் பதிலாகக் கைபேசியை இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே குப்புறக் கிடத்திப் பாடம் நடத்தினேன். காசு செலவில்லாத வழி அது, இன்றும் பலர் அதையே பரிந்துரைக்கிறார்கள். ஆனால் ஜூமில் குற்றியலுகரம் விளக்கிக்கொண்டிருக்கும்போது, வரும் வழியில் எட்டு டோல் பூரி வாங்கி வரும்படி என் கணவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி வகுப்பு முழுவதற்கும் தெரிந்தது. நான் வீட்டில்தான் இருக்கிறேன் என்பதும், ஊரே மூடிக்கிடக்கிறது என்பதும் அவருக்கு மறந்துபோயிருந்தன. இப்போது புயல் எச்சரிக்கை விடுத்துக் கட்டடத்தை மூடினால், மின்சாரம் இருக்கும்வரை, ஆவணக் கேமராவை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜூமில் இரண்டாவது கேமராவாகப் பகிர்கிறேன். முதன்முறை செய்கிறவர்களுக்கு ஒரு செய்தி: ஜூமில் கண்ணாடிப் பிம்ப வசதி இயங்கிக்கொண்டிருந்தால், கேமராவைச் சாதாரண வீடியோவாகக் காட்டும்போது எழுத்துகள் உங்கள் திரையில் இடவலம் மாறித் தெரியும், மற்றவர்களுக்கு நேராகவே தெரியும். இதை அறியாமல் ஒரு முழு வகுப்பு நேரத்தை நான் தாளைத் திருப்பித் திருப்பி வைப்பதில் கழித்தேன்.

பெரிய தொடுதிரைப் பலகைகள் பல நிறுவனங்களில் வந்துவிட்டன, எங்களிடமும் ஒன்று இருக்கிறது. படம் காட்டவும் காணொளி ஓட்டவும் அது அருமையான சாதனம். எழுத்துப் பயிற்சிக்கு அதை நான் விரும்புவதில்லை. பேனாவின் பின்னால் கோடு கண நேரம் தாமதித்து வருவதால் சுழிகள் கோணலாகின்றன, மறுபடியும் மாணவர்களுக்கு முதுகு காட்ட வேண்டியிருக்கிறது, கூச்சமுள்ள மாணவரை அவ்வளவு பெரிய பலகையின் முன்னே நிறுத்தினால் கை நடுங்குகிறது. கேமராவின் கீழே எழுதுகிறவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் நோட்டில், தன் பேனாவால் எழுதுகிறார். ஐம்பது வயதுக்காரர்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல் இதை ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சாட்ஜிபிடி 2022 நவம்பரில் வந்ததிலிருந்து, வீட்டில் எழுதிவரும் கட்டுரையை வைத்து மாணவரின் தமிழை அளப்பது கடினமாகிவிட்டது. ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லாத கட்டுரை வந்தால் எனக்கு மகிழ்ச்சியைவிட ஐயமே முதலில் எழுகிறது. தடை போடுவதால் பயனில்லை. அந்தக் கட்டுரையின் ஒரு பத்தியை அச்சிட்டுக் கேமராவின் கீழே வைத்து, சிவப்புப் பேனாவை எழுதியவரிடமே கொடுத்து, ஒவ்வொரு ஒற்றும் ஏன் மிகுந்தது என்று சொல்லச் சொல்கிறேன். படித்து எழுதியவர் சொல்லிவிடுகிறார், மற்றவர் சிரித்துவிடுகிறார். ஒரு முறை தன் குடும்பப் பெயரைத் தமிழில் எழுதச் சொன்னபோது ஒரு மாணவர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துக்கூட்டலைக் கைபேசியில் அப்படியே தட்டி, 'மூட்டூ' என்று வந்ததைப் பார்த்து எழுதினார். பக்கத்தில் இருந்த மூத்த மாணவி 'முத்து' என்று திருத்தி எழுதியபோது, தன் பெயருக்கு ஒரு பொருள் உண்டு என்பதே அவருக்குப் புதுச் செய்தியாக இருந்தது. ஒப்பந்தக் கூலிகளாக வந்த முன்னோரின் ஆள்சேர்ப்புப் பதிவேட்டில் யாரோ ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்களைத்தான் இங்கே நாம் தலைமுறை தலைமுறையாகச் சுமக்கிறோம்.

குறைகளில் பெரியது கை மடிப்பு. ஐந்தாம் மாதத்தில் நடு மூட்டு தளர்ந்து, வகுப்பின் நடுவே கேமரா மெல்லத் தலைகுனியத் தொடங்கியது. கடைக்கு எடுத்துப் போனேன். உத்தரவாதம் மின்பகுதிக்கு மட்டுமே, மூட்டுக்கு இல்லை என்றார்கள். பெட்டியில் அப்படி எழுதியிருக்கவில்லை என்று காட்டியபோது, மேலாளர் வெளியே போயிருக்கிறார் என்ற பதில் இரண்டு முறை கிடைத்தது. மூன்றாவது முறை போகவில்லை. என் மாணவர் ஒருவரின் தந்தை மூட்டைக் கழற்றி ஒரு வாஷர் போட்டு இறுக்கிக் கொடுத்தார், இன்றுவரை அது நிற்கிறது. கம்பியும் ஒன்றரை மீட்டர்தான். மடிக்கணினியைப் பக்கத்திலேயே வைக்க வேண்டியிருக்கிறது. தீவின் நடு மேட்டுநிலத்தில் உள்ள க்யூர்பிப் பக்கம் ஈரக் காற்றில் வைத்திருக்கிறவர்கள் லென்சில் பூஞ்சை பிடிக்காமலிருக்க இரவில் காற்றுப் புகாத பெட்டியில் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வைப்பது நல்லது. உள்ளே இருக்கும் மைக்கை நம்ப வேண்டாம். மின்விசிறியின் சத்தத்தைத்தான் அது முதலில் கேட்கிறது.

மொழி, கணக்கு, கோலம், இசைக்குறிப்பு என்று கையால் எழுதிக் காட்ட வேண்டிய எதையும் கற்பிக்கிறவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஸ்லைடு மட்டுமே காட்டுகிறவர்களுக்கு இது தேவையில்லை. வாங்குமுன் கடையிலேயே கையை முழுதாக நீட்டி ஐந்து நிமிடம் நிறுத்திப் பாருங்கள், குவியப் பூட்டும் 50 ஹெர்ட்ஸ் தேர்வும் இருக்கின்றனவா என்று கேளுங்கள், மூட்டுக்கு உத்தரவாதம் உண்டென்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். துறைக்கென்று இன்னொன்று வாங்கித் தரும்படி நான் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். இந்த முறை மூட்டுகள் உலோகத்தில் உள்ள வகையைக் கேட்டிருக்கிறேன், விலை ஏறத்தாழ இரு மடங்கு.